துருவ வானத்தின் மின்னோட்டம் கண்டவர்: பேராசிரியர் பிர்க்கலாண்டு

ஒருவர் கண்டுரைத்த உண்மையை அவர் வாழும் நாளிலேயே உலகம் ஒப்புக்கொள்வது பெரும்பேறு. அப்பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. உரைத்தவர் கண்மூடி ஐம்பது ஆண்டுகள் சென்று, அவர் காலத்தில் இல்லாத கருவிகள் விண்ணில் ஏறிச் சான்று பகர்ந்த பின்னரே மெய்யென்று ஏற்கப்பட்ட உண்மைகளும் உண்டு. அத்தகைய உண்மையொன்றைக் கண்டவரும், அதன் பொருட்டுத் தம் செல்வத்தையும் உடல் நலத்தையும் செலவிட்டவருமான நார்வே நாட்டு விஞ்ஞானி கிறிஸ்டியான் பிர்க்கலாண்டு அவர்களின் வாழ்க்கையை நம் சங்கத்து அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன். யான் கல்லூரியில் பயின்றவன் அல்லேன். பள்ளியிறுதித் தேர்வோடு நின்று, இரயில்வேயில் எழுத்தர் பணி ஆற்றி வருபவன். ஆயினும், மின்சாரக் கம்பியின் கீழே நாள்தோறும் பயணம் செய்யும் நமக்கு, மண்ணுலகின் உச்சியில் இயற்கையே அமைத்த மின்பாதையைக் கண்டறிந்தவரின் வரலாறு அயலானது அன்று.

துருவ ஒளியும் காந்தப் புயலும்

பூமியின் வடகோடியிலும் தென்கோடியிலும், இருண்ட இரவுகளில், வானத்தே பசுமையும் செம்மையுமான ஒளித்திரைகள் தோன்றி, காற்றில் உலர்த்திய சேலைபோல் அசைந்தாடி மறையும். இதுவே துருவ ஒளி எனப்படுவது. இவ்வொளி தோன்றும் வேளையில் காந்த ஊசி நிலைகொள்ளாது நடுங்குவதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே அறிஞர் கண்டிருந்தனர். அந்நடுக்கம் மிகுந்து உலகெங்கும் பரவுமாயின் அதனைக் காந்தப் புயல் என்பர்.

1859ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளன்று ரிச்சர்டு காரிங்டன் என்னும் ஆங்கிலேயர், சூரியனின் முகத்தில் திடீரென ஒரு பேரொளி வெடித்துத் தோன்றுவதைக் கண்டார். ஒரு நாள் கழிவதற்குள் உலகெங்கும் காந்தப் புயல் வீசிற்று. அமெரிக்காவில் தந்தி ஊழியர் சிலர் மின்கலங்களைக் கழற்றிவிட்டு, புயலினால் கம்பியில் தானே ஊறிய மின்சாரத்தைக் கொண்டே செய்தி அனுப்பினர். நாம் வந்து குடியேறி வாழும் இம்மும்பை மாநகரின் கொலாபா ஆய்வகத்திலும் அப்புயலின் அளவு குறித்துவைக்கப்பட்டது. அப்பதிவு இன்றும் உலக விஞ்ஞானிகள் எடுத்துப் பார்க்கும் அரிய ஆவணமாக விளங்குகிறது. பிற்காலத்தில் நகருக்கு மின்சார டிராம் வரவிருந்தபோது, அதன் மின்னோட்டம் நுண்ணிய காந்தக் கருவிகளைக் குழப்பும் என்று கருதி, 1904 முதல் அப்பணியை அலிபாகில் நடத்தலாயினர்.

ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள சூரியன், பூமியிலுள்ள ஊசியை எவ்வாறு அசைக்கும்? இவ்வினாவிற்கு எவரும் விடை அறியார். 1892இல் பேரறிஞர் கெல்வின் பிரபு, சூரியன் தானே ஒரு காந்தமாக நின்று இப்புயலை எழுப்புவதற்கு வேண்டும் ஆற்றலைக் கணக்கிட்டார். அக்கணக்கு நம்புதற்கரிய பெருந்தொகையாக முடிந்தது. ஆகவே சூரியனுக்கும் காந்தப் புயலுக்கும் தொடர்பில்லை, இரண்டும் ஒருங்கே தோன்றுவது தற்செயலே என்று தீர்ப்புக் கூறிவிட்டார். அவர் சொல்லுக்கு அக்காலத்தில் பெரும் மதிப்பு இருந்தது.

இளமையும் கல்வியும்

பிர்க்கலாண்டு 1867ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் நார்வே நாட்டின் தலைநகரில் பிறந்தார். இன்று ஆஸ்லோ என்று வழங்கும் அந்நகர் அந்நாளில் கிறிஸ்டியானியா எனப்பட்டது. கணிதத்தில் கூர்மதி படைத்த அவர், உள்நாட்டுக் கல்வியை முடித்தபின் பாரிசில் புவான்காரே என்னும் கணித மேதையிடமும், ஜெர்மனியில் வானொலி அலைகளைக் கண்ட ஹெர்ட்சின் ஆய்வகத்திலும் பயின்றார். மின்சாரமும் காந்தமும் இயங்கும் முறையை விளக்கும் மாக்ஸ்வெல் சமன்பாடுகளுக்குப் பொதுவானதொரு தீர்வை 1895இல் வெளியிட்டுப் பெயர் பெற்றார். 1898இல், முப்பதாம் வயதில், தம் நகரத்துப் பல்கலைக் கழகத்தில் பௌதிகப் பேராசிரியரானார்.

காற்று நீக்கிய கண்ணாடிக் குழலில் மின்சாரத்தைச் செலுத்தினால் எதிர்மின் முனையிலிருந்து ஒருவகைக் கதிர் புறப்படும். காந்தத்தை அருகே கொண்டுவந்தால், அக்கதிர் வளைந்து, காந்தத்தின் முனையை நோக்கிக் குவியும். இதனைத் தம் சோதனைகளில் கண்ட பிர்க்கலாண்டு, 1896இல் ஒரு கருத்தை வெளியிட்டார். சூரியனிலிருந்து இத்தகைய மின்துகள்கள் புறப்பட்டு வருகின்றன. பூமியோ ஒரு பெருங்காந்தம். அது துகள்களைத் தன் துருவங்களை நோக்கித் திருப்புகிறது. அவை மேல்வானத்து மெல்லிய காற்றில் மோதும்போது ஒளி பிறக்கிறது என்பதே அக்கருத்து. கெல்வின் பிரபு எழுப்பிய தடைக்கும் இதில் விடை இருந்தது. சூரியன் தொலைவில் நின்று காந்தமாக இழுக்க வேண்டுவதில்லை. அது துகள்களை அனுப்பினால் போதும்.

பனிமலையில் தவம்

கருத்தை உரைப்பது எளிது, நிறுவுவது அரிது. துருவ ஒளியைத் துருவத்திற்குச் சென்றே ஆராய வேண்டும் என்று அவர் துணிந்தார். 1897ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் நார்வேயின் வடகோடிக்கு மேற்கொண்ட முதற்பயணம் பனிப்புயலில் சிக்கிற்று. உடன் சென்ற மருத்துவ மாணவரான பியோர்ன் ஹெல்லாண்டு ஹான்சன் குளிரால் கைவிரல்கள் பலவற்றை இழந்தார். மருத்துவத் தொழிலுக்குரிய கைகளை இழந்த அவ்விளைஞர், பின்னாளில் கடலியல் ஆராய்ச்சியில் இறங்கி உலகப் புகழ் பெற்றார் என்பது ஆறுதலான செய்தி.

பிர்க்கலாண்டு பின்வாங்கவில்லை. அரசின் உதவி பெற்று, 1899இல், ஏறக்குறைய 900 மீட்டர் உயரமுள்ள ஹால்டே மலையுச்சியில் கல்லாலான ஆய்வு நிலையம் எழுப்பி, அடுத்த வசந்தம்வரை உதவியாளருடன் அங்குப் பணிபுரிந்தார். அம்மலையில் குளிர்காலத்துச் சூரியன் வாரக்கணக்கில் தலைகாட்டாது. கடுங்காற்று கட்டடத்தையே அசைக்கும். அந்தப் பருவத்தில் எலிசார் போயே என்னும் உதவியாளர் பனிச்சரிவில் அகப்பட்டு மாண்டார். ஒரு காந்த ஊசியின் அசைவைக் குறித்துவைக்கும் பணிக்கு ஓர் உயிர் விலையாயிற்று. இத்துயரம் பிர்க்கலாண்டின் நெஞ்சை எத்துணை வருத்தியிருக்கும் என்பதை நாம் உய்த்துணரலாம்.

1902-03ஆம் ஆண்டுகளில் அவர் நடத்திய ஆராய்ச்சி இன்னும் பெரிது. நார்வேயின் கோஃபியோர்டு, ஐஸ்லாந்தின் டீராஃபியோர்டு, ஸ்வால்பார்டுத் தீவுக் கூட்டத்தின் ஆக்செல் தீவு, இரஷ்யாவின் நோவாயா செம்லியா என நான்கு இடங்களில் நிலையங்களை அமைத்தார். அவற்றில் காந்த ஊசியின் அசைவு ஒளிப்படத் தாளில் இரவும் பகலும் தானே பதிவாயிற்று. உலகின் வேறு பல ஆய்வகங்களின் பதிவுகளையும் வரவழைத்து ஒப்பிட்டார். இரயில்வே அலுவலில் இருப்போர் இம்முறையின் அருமையை நன்கு உணர்வர். ஒரே வண்டியைப் பற்றி ஒவ்வொரு நிலையத்தின் பதிவேட்டிலும் எழுதிய நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால், அவ்வண்டி எங்கே விரைந்தது, எங்கே நின்றது என்பது கண்ணால் காணாமலே விளங்கும் அன்றோ? அங்ஙனமே பிர்க்கலாண்டும், நிலத்தில் எழுதிய பதிவுகளைக் கொண்டு, கண்ணுக்குப் புலனாகாத ஒரு மின்னோட்டத்தின் போக்கை வானத்தில் வரைந்தார்.

அவர் கண்ட முடிவு இது: மின்சாரம் விண்வெளியிலிருந்து பூமியின் காந்தக் கோடுகளின் வழியே செங்குத்தாக இறங்கி, நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் துருவ ஒளியை ஒட்டிக் கிடையாக ஓடி, மீண்டும் காந்தக் கோடுகளின் வழியே விண்வெளிக்கு ஏறிச்செல்கிறது. அதன் அளவு பல இலட்சம் ஆம்பியர் இருக்கும் என்றும் மதிப்பிட்டார். நம் நாட்டில் 25,000 வோல்ட் மின்பாதையில் நீண்ட வண்டியை இழுத்தோடும் எஞ்சின், கம்பியிலிருந்து பெறுவது சில நூறு ஆம்பியரே என்பதை நினைத்தால் அவ்வோட்டத்தின் பெருமை புலப்படும். இவ்வாராய்ச்சியின் விரிவான நூலை 1908இலும் 1913இலும் இரு பகுதிகளாக வெளியிட்டார்.

பீரங்கி தந்த உரம்

இத்தகைய ஆராய்ச்சிக்குப் பெரும்பொருள் வேண்டும். சிறிய நாடாகிய நார்வேயின் பல்கலைக் கழகம் அவ்வளவும் கொடுக்க இயலுமா? ஆகவே பிர்க்கலாண்டு தம் அறிவைக் கொண்டே பொருள் ஈட்ட முனைந்தார். வெடிமருந்தின்றி மின்காந்த ஆற்றலால் குண்டு எறியும் பீரங்கியொன்றைப் புனைந்து, 1903இல் பல்கலைக் கழக மண்டபத்தில் பெரியோர் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார். மின்சுற்றில் பழுது நேர்ந்து, பேரிரைச்சலுடன் தீச்சுடர் பாய்ந்தது. கூடியிருந்தோர் அஞ்சி எழுந்தனர். பீரங்கியை வாங்குவார் இல்லாமற் போயிற்று.

பிறர் எனின் மனம் உடைந்திருப்பர். பிர்க்கலாண்டோ பாய்ந்த சுடரைப் பற்றியே சிந்தித்தார். அந்நாளில் சாம் ஐடே என்னும் பொறியியலாளர், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். உலகம் அப்போது வெடியுப்பு உரத்திற்குச் சிலி நாட்டையே நம்பியிருந்தது. காந்தத்தின் நடுவே மின்சுடரைத் தட்டுப்போல் விரியச்செய்து, அதனூடே காற்றைச் செலுத்தினால், கடும் வெப்பத்தில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடும். அதிலிருந்து நைட்ரிக் அமிலமும், அதனைச் சுண்ணாம்புக் கல்லுடன் சேர்த்து உரமும் பெறலாம் என்று பிர்க்கலாண்டு காட்டினார். நார்வேயின் அருவிகள் மின்சாரம் தந்தன. 1905இல் நார்ஸ்க் ஹைட்ரோ என்னும் பெருந்தொழில் நிறுவனம் இம்முறையை அடித்தளமாகக் கொண்டு எழுந்தது. அதன் உரத் தொழில் 2004இல் யாரா என்னும் தனி நிறுவனமாகப் பிரிந்தது. மின்சுடர் முறை மின்சாரத்தை மிகுதியாக விழுங்கியமையால், பின்னாளில் ஜெர்மானியரான ஹேபர், போஷ் இருவரின் முறைக்கு இடம்விட்டு அகன்றது. ஆயினும் காற்றிலிருந்து பெருந்தொழில் அளவில் உரம் எடுத்த முன்னோடிகளுள் பிர்க்கலாண்டு ஒருவர் என்பதில் ஐயமில்லை. இதனால் வந்த பொருள் அவர் ஆய்வகத்திற்கு உதவிற்று.

கண்ணாடிப் பேழைக்குள் ஓர் உலகம்

அவ்வாய்வகத்தில் அவர் ஒரு சிறிய பூமியையே படைத்தார். உருண்டையொன்றின் உள்ளே மின்காந்தம் வைத்து, அதனைக் காற்று நீக்கிய கண்ணாடிப் பேழையில் தொங்கவிட்டு, அதன்மீது மின்துகள்களைப் பாய்ச்சினார். என்ன வியப்பு! உருண்டையின் இரு துருவங்களையும் சூழ்ந்து ஒளிவளையங்கள் தோன்றின. துருவ ஒளி துருவத்தின் நடுவில் தோன்றாமல் அதனைச் சுற்றி ஒரு வளையமாக ஏன் தோன்றுகிறது என்பது இதனால் விளங்கிற்று. அவர்தம் நண்பரும் கணிதப் பேராசிரியருமான கார்ல் ஸ்டோர்மர், காந்தப் புலத்தில் மின்துகள் செல்லும் வழிகளைப் பல ஆண்டுகள் உழைத்துக் கணக்கிட்டார். துருவ ஒளியை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலிருந்து படமெடுத்து அதன் உயரத்தையும் அளந்தார்.

மறுப்பும் மறைவும்

விஞ்ஞான உலகம் பிர்க்கலாண்டை எளிதில் ஏற்கவில்லை. ஒரேவகை மின்சாரம் கொண்ட துகள்கள் ஒன்றையொன்று தள்ளிச் சிதறிவிடுமே, அவை சூரியனிலிருந்து பூமிவரை கூடி வருவது எங்ஙனம் என்று ஆர்தர் சூஸ்டர் வினவினார். அது நேரிய வினாவே. பிர்க்கலாண்டு சிந்தித்து, சூரியனிலிருந்து வருவது எதிர்மின் துகளும் நேர்மின் துகளும் கலந்த ஓட்டம் என்ற முடிவுக்கு வந்து, 1916இல் அதனை எழுதினார். இன்று நாம் சூரியக் காற்று என்று சொல்வது இதுவே.

அவர்தம் இல்வாழ்க்கை நிலைக்கவில்லை. 1905இல் மணந்த இடா அம்மையாரிடமிருந்து 1911இல் பிரிந்தார். இரவு பகலாக உழைத்து உறக்கம் கெட்டது. சூரியன் மறைந்தபின் அடிவானத்தில் எழும் மங்கிய கூம்பொளியை ஆராயத் தெளிந்த வானம் நாடிச் சூடானுக்கும் எகிப்துக்கும் சென்று தங்கினார். உலகப் போர் மூண்டது. தனிமையும், தம்மை ஒற்றர்கள் தொடர்கின்றனர் என்ற அச்சமும் அவரை வாட்டின. உறக்கத்திற்காக வெரோனால் என்னும் மருந்தை உண்ணும் பழக்கம் வலுத்தது. 1917இல் எகிப்தை விட்டுக் கீழ்த்திசை வழியே ஜப்பான் சேர்ந்தார். அவ்வாண்டு ஜூன் 15ஆம் நாள் டோக்கியோ நகரின் விடுதி அறையொன்றில் உயிர் நீங்கிக் கிடந்தார். மருந்து அளவுக்கு மிகுதியாக உட்கொள்ளப்பட்டிருந்தது. அப்போது அவருக்கு வயது 49. நோபல் பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டும் அது அவருக்குக் கிட்டவில்லை.

அவர் மறைந்தபின் அவர் கருத்தும் ஒதுக்கப்பட்டது. இங்கிலாந்தின் சிட்னி சாப்மன் இத்துறையில் தலைசிறந்து விளங்கியவர். மின்னோட்டம் மேல்வானத்திற்குள்ளேயே சுற்றிச் சுழல்கிறது, விண்வெளியிலிருந்து இறங்க வேண்டுவதில்லை என்பது அவர் கொள்கை. அவருடைய கணக்கும் நிலத்துப் பதிவுகளுக்குப் பொருந்தியது. ஸ்வீடன் நாட்டு ஆல்ஃப்வேன் ஒருவரே பிர்க்கலாண்டின் பக்கம் நின்று 1939 முதல் வாதாடினார் எனலாம். ஈண்டு ஒன்று கூறவேண்டும். சாப்மன் பிடிவாதத்தால் மறுத்தார் அல்லர். நிலத்தில் எடுக்கும் அளவுகளை மட்டும் கொண்டு இவ்விரு கொள்கைகளுள் எது மெய் என்று தெளியவே இயலாது. இதனைப் பிற்காலத்தில் ஜப்பானிய அறிஞர் ஃபுக்குஷிமா கணிதத்தால் காட்டினார். வழக்கைத் தீர்க்கும் சாட்சி வானத்தில் இருந்தது. அங்குச் செல்லும் ஏணிதான் இல்லை.

விண்ணிலிருந்து வந்த சான்று

ஏணி 1957இல் கிடைத்தது. அவ்வாண்டு முதல் செயற்கைக் கோள்கள் பறக்கலாயின. 1959இல் இரஷ்யக் கலங்களும், 1962இல் வெள்ளியை நோக்கிச் சென்ற அமெரிக்காவின் மாரினர் 2 கலமும், சூரியனிலிருந்து மின்துகள்கள் வீசுவதை அளந்து உறுதி செய்தன. 1963இல் ஏவப்பட்ட அமெரிக்கக் கடற்படைக் கோளொன்று, ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர் உயரத்தில் துருவ ஒளி வளையத்தைக் கடக்கும்போதெல்லாம், அதிலிருந்த காந்தமானி பக்கவாட்டில் துள்ளிற்று. ஆல்ஃபிரட் ஸ்முடாவும் உடன்பணி செய்தோரும் இதனை 1966இல் வெளியிட்டனர். முதலில் அதனை வெறும் அலையென்றே எண்ணினர். 1967இல் கம்மிங்ஸ், டெஸ்லர் இருவரும், இது செங்குத்தாக ஓடும் மின்னோட்டத்தின் அடையாளம், பிர்க்கலாண்டு சொன்னது இதுவே என்று எடுத்துக்காட்டினர். 1972இல் ஏவப்பட்ட டிரையாட் என்னும் கோள் ஐயத்தை அறவே நீக்கிற்று. 1976இல் ஜப்பானியரான ஈஜிமாவும் அமெரிக்கரான பொட்டெம்ராவும் அக்கோளின் அளவுகளைத் தொகுத்து, மின்னோட்டம் இறங்குமிடமும் ஏறுமிடமும் காட்டும் படம் வரைந்தனர். இன்று அவ்வோட்டங்களுக்குப் பிர்க்கலாண்டு மின்னோட்டம் என்றே பெயர்.

அவர் சொன்னவை அனைத்தும் சரியென்று கூறுவதற்கில்லை. சூரியத் துகள்கள் நேரே வந்து துருவத்தில் விழுவதாக அவர் எண்ணினார். பூமியின் காந்தப் புலம் சூரியக் காற்றால் இழுபட்டு ஆற்றலைச் சேர்த்துவைத்து, பின்னர் அதனை விடுவிக்கும்போதே துகள்கள் விசை பெற்றுப் பாய்கின்றன என்பது இன்றைய தெளிவு. ஆயினும் அடிப்படை அவருடையதே.

நிலத்திலும் ஆராய்ச்சி ஓங்கிற்று. ஹால்டே மலை நிலையம் 1926இல் மூடப்பட்டபின் அதன் பணி டிராம்சோ நகர்க்குச் சென்றது. அந்நகரின் அருகே ஐரோப்பிய நாடுகள் கூடி அமைத்த ஐஸ்காட் ரேடார் 1981இல் இயங்கத் தொடங்கிற்று. ஸ்வால்பார்டுத் தீவில் மற்றொன்று 1996இல் திறக்கப்பட்டது. விமானத்தைத் தேடும் ரேடார் உலோக உடலிலிருந்து எதிரொலி பெறும். இந்த ரேடாரோ, பல நூறு கிலோமீட்டர் உயரத்திலுள்ள எலெக்ட்ரான்கள் சிதறடிக்கும் மிக நலிந்த எதிரொலியைப் பெருந்தட்டில் ஏந்திக்கொள்கிறது. அதனைக் கொண்டு அங்குள்ள எலெக்ட்ரான்களின் அடர்த்தி, வெப்பம், வேகம் ஆகியவற்றைக் கணிக்கின்றனர். 2013 முதல் ஸ்வார்ம் என்னும் பெயருடைய மூன்று ஐரோப்பியக் கோள்களும் மேலிருந்து காந்தப் புலத்தை அளந்து வந்துள்ளன. மேலிருந்து கோளும் கீழிருந்து ரேடாரும் ஒரே வானத்தைச் சேர்ந்து நோக்கும் இம்முறை, நான்கு நிலையப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்த அப்பேராசிரியரின் வழியில் வந்ததே.

இதனால் நமக்கு ஆவது என்ன?

துருவ வானத்து மின்னோட்டம் துருவத்தாரை மட்டும் தொடுவதன்று. 1982 ஜூலையில் எழுந்த காந்தப் புயலின்போது ஸ்வீடன் நாட்டு இரயில் பாதையொன்றில், வண்டியே இல்லாத இடத்தில், கைகாட்டி விளக்குகள் தாமே சிவப்பாக மாறின. தண்டவாளத்தில் புகுந்த வேற்று மின்சாரமே அதன் காரணம். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் காந்தப் புயலால் மின்சார அமைப்பு முழுவதும் ஒன்றரை நிமிடத்தில் சரிந்து, ஏறக்குறைய 60 இலட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தனர். கோள்களின் வழியாகப் பேசி, கோள்களின் துணையால் வழி அறிந்து, மின்சாரத்தால் வண்டி ஓட்டும் இக்காலத்தில், விண்வெளியின் வானிலையையும் முன்கூட்டி அறிவது இன்றியமையாதது. அவ்வறிவின் வித்தை இட்டவர் பிர்க்கலாண்டு.

நார்வே நாடு 1994இல் தன் 200 குரோனர் நாணயத்தாளில் அவர் உருவத்தைப் பொறித்தது. 2017இல் புதிய தாள் வரும்வரை அது மக்கள் கையில் உலவிற்று. நிலவில் ஒரு பெருங்குழியும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. ஆயினும் அவர்க்கு மேலான நினைவுச் சின்னம், பனிமலையிலும் தீவுகளிலும் அவரும் அவர்தம் துணைவரும் இரவெல்லாம் விழித்து எடுத்த பதிவுகளே. அறிஞர் உலகம் அவர் கருத்தை ஒதுக்கிய ஆண்டுகளிலும் அப்பதிவுகள் நூலகங்களில் இருந்தன. கோள்கள் அளவு அனுப்பியபோது, ஒப்பிடுவதற்கு ஆயத்தமாக இருந்தன. மேலதிகாரி பாராட்டினும் பாராட்டாவிடினும், கண்டதைக் கண்டவாறு, நாளும் நாழிகையும் பிழையாமல் எழுதிவைக்கும் கடமை நம்மில் பலருக்கும் உண்டு. அக்கடமையைச் சிறிதென்று எண்ணாதிருக்க, நாற்பத்தொன்பது ஆண்டு வாழ்ந்து அயல்நாட்டு விடுதியில் தனியே மறைந்த அப்பெரியாரின் வாழ்வு நமக்குத் துணை செய்க. வாழ்க அவர் புகழ்!